பத்து நாற்பது

லத்தி இன்னும் ஆவி விடுகிறது.
அதன் மேல் காய்ந்த இலையொன்று விழுந்து கிடக்கிறது.
இலைக்குக் கால் இருக்கிறது.
இலை குடிக்கிறது.

"ஆனை போய்க் கால்மணித்தியாலம் இருக்காது கா"
என்கிறாள் பஸ்மியா.
ஓட்டமாவடியில் கணிதம் படிப்பிப்பவள்.
காட்டோரத்தில் வயல் செய்த வீட்டுப் பிள்ளை,
லத்தியைத் தொடாமலே நேரம் சொல்வாள்.

காலையில் புலிபாய்ந்தகல் தாண்டும்போது
பையைக் கவிழ்த்துப் பார்த்தான் ஆமிக்காரன்.
கமரா, அடிமட்டம், ஒரு பக்கற் பிஸ்கட்,
இடமும் நேரமும் எழுதிய கொப்பி.
கொப்பியில்தான் முகம் மாறினான்.
என்ன தேடுகிறீர்கள்?
சமனலயா, என்றோம்.
இரண்டு கையையும் விரித்து அடித்துக் காட்டினான்,
இதுவா என்று.
அதுதான்.
சிரித்துக்கொண்டு
அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான்.

இப்போது அது சிறகை மூடியிருக்கிறது.
மூடிய சிறகு எதையும் ஒப்புக்கொள்வதில்லை.
பின்சிறகின் ஓரத்தில் இரண்டு வால்;
ராஜா இனம், சரி.
எந்த ராஜா?
பழுப்பு என்றால் எழுதிவிட்டுப் போகலாம்,
போன வைகாசியில் மூன்று பார்த்தோம்.
கறுப்பு என்றால்
நாங்கள் இருவரும் படத்தில் மட்டும் கண்டது.
திறக்க வேண்டும்.
ஒரு தடவை.

நான் வாழைச்சேனையில் மருந்துக்கடையில் நிற்பவள்.
ஒரே வெள்ளை, ஒரே வட்டம்.
ஒன்று சீனிக்கு, ஒன்று பிரஷருக்கு.
நடுவில் ஓடும் கோடு மட்டும் வித்தியாசம்.
கோட்டை நம்பிச் சம்பளம் எடுப்பவள்
ஆனை நிற்கும் காட்டில் முழங்காலில் இருக்கிறேன்.

'அடையாளம் காணல்' என்று
கொப்பியின் தலைப்பில் எழுதியிருக்கிறாள் பஸ்மியா.
அந்தச் சொல்லை
நான் முதலில் கேட்டது பூச்சிக்கல்ல.
ஒருநாள் அம்மாவைக் கூட்டிப் போனார்கள்.
பின்னேரம் வந்து
கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"சேட்டு அவன்ட.
பொத்தான் அவன்ட இல்ல."
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
யாரும் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை,
மழை வரும் என்பதைக்கூட.

வெயில் பாலை மரத்தைச் சுற்றி வந்தது.
திறந்தது.

கறுப்பு.
குறுக்கே, பச்சை கலந்த வெள்ளையில் ஒரு பட்டை.
கீழ்ச்சிறகில் ஒன்றாய் ஓடி
மேலே ஏற ஏற
துண்டு துண்டாய்...
"உடையுதா?"
"உடையுது."
"எண்ணு, எண்ணு."
ஒண்டு. ரெண்டு.
வலப்பக்கம் கொப்பொன்று முறிந்தது.
நாலு வரை எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

பஸ்மியா பையோடு சேர்த்து என்னை இழுத்தாள்.
ஆனைக்கு முன்னால் ஓடக்கூடாது.
நிற்கவும் கூடாது.
அங்கே இல்லாமல் போய்விட வேண்டும்.
போனோம்.

ஸ்கூட்டியை விட்ட இடத்தில்
தண்ணீர்ப் போத்தலை மாறி மாறிக் குடித்துவிட்டு
கொப்பியை நிரப்பினோம்.
நேரம்: பத்து நாற்பது.
எண்ணிக்கை: ஒன்று.
இடம் என்ற கட்டத்தில் தடக்கினோம்.
எனக்குக் குடும்பிமலை,
பலகையில் தொப்பிகல,
பழைய வரைபடத்தில்
வெள்ளைக்காரன் போட்ட தொப்பி வேறொன்று.
கடைசியில் எழுதினோம்:
பாலைக்கு மேற்கே,
லத்தியில்,
ஆனைக்கு ஐம்பது யார் இப்பால்.

கமராவில் இருந்தது மூடிய சிறகு மட்டும்.
ஏழு படம், ஏழிலும் இலை.
கடைசிக் கட்டம்: உறுதியா, ஐயமா?
"கறுப்பை நானும் கண்டன்.
எண்ணினது நீ" என்று
பேனையை என் பக்கம் உருட்டினாள்.
நான் கையைத் துடைத்தேன்.
வியர்வையில் முதல் கீறல் மை பிடிக்கவில்லை.
இரண்டாம் முறை அழுத்தி
உறுதியில் சரி போட்டேன்.

திங்கட்கிழமை.
கடைக்குப் பின்னால் நிற்பது புளியமரம்.
அதன் புழு தின்பது புளியிலை.
பதினொரு வருடமாய் அந்த வேரில்
தேத்தண்ணிச் சக்கையைக் கொட்டுகிறவள்
கோப்பையோடு அண்ணாந்து நிற்கிறேன்,
ஒவ்வொரு கொப்பாய், ஒவ்வொரு இணுக்காய்.

உள்ளே யாரோ
டொக்டரின் துண்டை நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.
"புள்ள,
இது என்ன எழுத்தெண்டு வந்து பாரன்."